காரணம்: வீட்டுக்காரர்

கிர்க்... கிர்க்... கிர்க்.

இப்படித்தாங்க தம்பி கேட்கும். வண்டி அப்போது ஊர் எல்லைக்குக்கூட வந்திருக்காது. எழுந்து வாசலில் நின்று பார்த்தாலும் ரோட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கிற எனக்குக் கேட்டுவிடும். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கிர்க். மேட்டில் ஏறும்போது கொஞ்சம் அவசரமாக, சமதளத்தில் சாவகாசமாக. வாசலுக்கு வந்ததும் நின்றுவிடும். அது நின்றபிறகுதான் எனக்குத் தூக்கமே வரும்.

ஆக, சத்தம் இருந்தது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்க. சத்தமே இல்லாத மோட்டரை நான் பிரித்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

வண்டி இங்கே இல்லைங்க. சுலோச்சனா வீட்டில் நிற்கிறது, ரெண்டு தெரு தள்ளி. நாகமணியும் அங்கேதான் இருக்கிறாள். நாகமணி என் சம்சாரம், அந்த பேட்டரி சைக்கிள் அவளுடையது. சுலோச்சனா அவளோடு வேலை பார்க்கிறவள். உங்கள் கம்பெனி கம்ப்யூட்டரில் இந்த வீட்டு விலாசம் இருக்கிறதால் நீங்கள் இங்கே வந்துவிட்டீங்க. போகலாம், போகலாம். கோயமுத்தூரிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கீங்க, ஒரு வாய் மோர் குடிக்காமல் போனால் நன்றாகவா இருக்கும்? உட்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்க.

உங்கள் கையில் இருக்கிற அந்தப் புகார்த் தாளில் 'பழுதுக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன அடித்திருக்கிறது? படிங்க. சும்மா படிங்க தம்பி, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

'வீட்டுக்காரர்.'

பாருங்க. மழைத்தண்ணீர் புகுந்தது என்று எழுதுவார்கள். பேரிங் தேய்ந்தது என்று எழுதுவார்கள். ஒரு மோட்டர் கெட்டுப்போனதற்கு ஒரு மனுசனைக் காரணமாக எழுதி நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? அவள் போனில் சொல்லும்போது நான் இதோ இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை கேட்கிறது, 'என்ன காரணத்துனால மேடம்?' என்று. இவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. 'எங்கூட்டுக்காரருங்க' என்கிறாள். அந்தப் பிள்ளையும் சிரிக்காமல் அப்படியே அடித்துவிட்டது போலிருக்கிறது.

கீழே 'அவசரம், திங்கட்கிழமைக்குள்' என்று இருக்கிறதா? இருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன். நாகமணிக்கு வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்க்கிற வேலை, சுகர் பார்த்து எழுதுகிற வேலை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாலு ஊர் இருக்கிறது. அங்கே போக ஆள் இல்லை. வண்டியோடு வருகிற ஆளுக்குத்தான் அந்த ஊர்கள் என்று சூப்பர்வைசர் அம்மா சொல்லிவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியோடு அங்கே போய் நின்றால் நாகமணிக்கு. இல்லையென்றால் வேறொரு பெண்ணுக்கு. மூன்று மாசமாக இவளுக்கு வேறு பேச்சே கிடையாது. 'அங்க ஒரு அம்மாவுக்கு இருநூறுக்கு மேல இருக்குதாம்ங்க, மாத்திரைய முந்தானைல முடிஞ்சு வெச்சிருக்குதாம், முழுங்கறதில்லையாம்' என்பாள். யாரோ ஒரு அம்மா. இவளுக்கு ராத்திரி அதுதான் கனவிலும் வருமாம். நான் எங்கே கண்டேன், ராத்திரி நான் மில்லில் இருப்பேன்.

இருபத்திரண்டு வருசமாக நான் ஸ்பின்னிங் மில்லில் ஆயிலர். எண்ணெய் விடுகிறவன், கிரீஸ் வைக்கிறவன். ராத்திரிப் பதினொன்றுக்குப் போனால் காலை ஏழுக்கு வெளியே வருவேன். இத்தனை வருசத்தில் என் கையில் ஒரு பேரிங் எரிந்தது கிடையாது. எரிந்தது, ரெண்டு, அது நான் லீவில் இருந்தபோது. ஸ்குரூ டிரைவர் முனையை மிஷின்மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் போதும், உள்ளே எந்தப் பக்கம் உருண்டை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். படித்தது எட்டாவதுதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காதை வைத்து வைத்துப் பழகியது. 'வெள்ளிங்கிரி வந்தாச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் மேஸ்திரி டீ குடிக்கவே போவார். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ஒரு சைக்கிள் மோட்டருக்குக் காரணம் என்று எழுதிவிட்டாள்.

வண்டி என் மச்சினன் கொடுத்தது. அவள் தம்பி, பெங்களூரில் இருக்கிறான். தை மாசம் அக்காவுக்கு என்று அனுப்பினான். அதுவரைக்கும் அவள் இந்த ஊருக்குள் மட்டும் நடந்து போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு தெருவை முடிப்பாள், வீட்டுக்கு வருவாள், உலையை வைத்துவிட்டு இன்னொரு தெருவுக்குப் போவாள். நான் படுத்திருப்பேன். மிக்சி ஓடும். குக்கர் விசில் அடிக்கும். யாராவது வாசலில் நின்று 'ஏனக்கா, எனக்கு எத்தன இருக்குது?' என்று கத்துவார்கள். பகலில் தூங்குகிறவனுக்கு எவ்வளவு தொந்தரவு, யோசித்துப் பாருங்க. வண்டி வந்ததும் பக்கத்தில் இருக்கிற மூன்று ஊரைக் கொடுத்தார்கள். அப்புறம் எட்டு மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் வருவாள். மகளைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. அப்பாடா, இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

தூக்கம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று பத்து நாள் யோசித்தேன். பதினோராம் நாள்தான் அந்தக் கிர்க் சத்தத்தைக் கண்டுபிடித்தேன்.

'நாகு, வண்டியில ஒரு சத்தம் வருது புள்ள.'

'எனக்குக் கேக்கலீங்களே.'

'மேல உக்காந்திருக்கறவளுக்கு எப்படிக் கேக்கும்?'

'சுகர் மிஷின் டப்பா ஆடற சத்தமா இருக்கும்ங்க' என்று சொல்லி டப்பாவுக்குள் ஒரு துண்டை மடித்து வைத்தாள். மறுநாள் வந்து கேட்டாள், 'இப்பக் கேக்குதுங்களா?'

'இப்பத்தான் தெளிவாக் கேக்குது' என்றேன்.

உண்மைதாங்க. டப்பாச் சத்தம் நின்றுவிட்டால் மோட்டர்ச் சத்தம் தெளிவாகத்தானே கேட்கும்?

மற்ற வண்டிகளில் மோட்டர் சக்கரத்தில் இருக்கும். இதில் நடுவில் வைத்திருக்கீங்க, ரெண்டு பெடலுக்கும் நடுவில், மனுசனுக்கு வயிறு இருக்கிற இடத்தில். உங்களுக்குத் தெரியாததா. எனக்குப் பிரித்தபிறகுதான் தெரிந்தது. மோட்டரைக் கழற்றிவிட்டால் பெடலும் கிடையாது. சும்மா மிதித்துக்கொண்டாவது போகலாம் என்றால் அதுவும் முடியாது. தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு திருப்தி. நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று.

பிரிக்கிற விதத்தைப் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒரு வெள்ளைக்காரன் மேஜைமேல் வைத்துப் பிரிப்பான். அவன் பேசுகிறது எனக்குப் புரியாது, அவன் கை புரியும். மோட்டரைப் பிடித்திருக்கிற வட்ட நட்டுக்கு ஒரு தனிச் சாவி வேண்டும். எங்கள் மில் லேத்தில் ஒரு பழைய இரும்பு வளையத்தைக் கடைந்து நானே செய்தேன். அப்புறம் காட்டுகிறேன், அசந்துபோவீங்க.

முதல் தடவை பிரித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைதான் எனக்கு வார லீவு. நான் வேறு என்றைக்குப் பிரிப்பது? அன்றைக்குப் பார்த்து அவளுக்குப் பல்லடத்தில் மீட்டிங். காலையில் மில்லிலிருந்து வந்ததும் வராததுமாக உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணிக்குத் தலை சீவி, வேலைக்குப் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பெடல் ரெண்டும் தரையில் கிடக்கிறது.

'என்னங்க இது?'

'சர்வீஸ்.'

'இன்னிக்குப் பல்லடம் போகோணும்னு நேத்தே சொன்னனில்லீங்க?'

'அதுக்காகத்தான் புள்ள. அவ்வளவு தூரம் இந்தச் சத்தத்தோட போவியா?'

பஸ்ஸுக்கு நடந்தாள். போவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனால் மீட்டிங் முடிந்திருக்கும் என்று திரும்பி வந்துவிட்டாள். அப்புறம் சமையல்கட்டில் என்னமோ உருட்டிக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் அடித்தது. நான் மோட்டரைப் பிரித்தது பிரித்தபடி பேப்பரில் பரப்பி வைத்துவிட்டுச் சற்றுக் கட்டிலில் சாய்ந்தேன். அடித்துப்போட்ட மாதிரி ஒரு தூக்கம் பாருங்க, சாயங்காலம் நாலு மணி வரைக்கும். வேலை செய்த திருப்தி.

எழுந்து வந்து கிரீஸ் வைத்தேன். உள்ளே ஒரு வெள்ளைப் பல்சக்கரம் இருக்கிறதே, நைலானில், அதில் உங்கள் கம்பெனிக்காரர்கள் கிரீஸ் என்று ஒன்றைத் தடவியிருந்தார்கள், பச்சைக் குழந்தைக்குப் பவுடர் போட்ட மாதிரி. எனக்குக் கோபமே வந்துவிட்டது. மில்லில் நாங்கள் வைக்கிற முறை வேறு. புதுக் கிரீஸை அடித்துக்கொண்டே இருப்போம். பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே வரும். இன்னும் அடிப்போம். புதுக் கிரீஸே மஞ்சளாக வெளியே வரும். அது வந்தால்தான் கையை எடுப்போம். இருபத்திரண்டு வருசமாக இந்தக் கைக்கு அதுதான் தெரியும். இந்த மோட்டரில் எவ்வளவு வைத்தாலும் வெளியே வரவேயில்லை. வைத்தேன், வைத்தேன், ஒரு டப்பா காலி. பாவம், எத்தனை நாள் பசியோ என்று நினைத்தேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க.

உங்கள் போன் அடிக்கிறது. நாகமணியாகத்தான் இருக்கும். வந்துகொண்டே இருக்கேன் என்று சொல்லுங்க. சொல்லிட்டீங்களா? நல்லது. டம்ளரைக் கொடுங்க, இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறேன். கறிவேப்பிலை போட்டது, நான்தான் கடைந்தேன்.

ரெண்டாவது தடவை வெள்ளிக்கிழமை. இல்லை, வெள்ளிக்கிழமை எனக்கு லீவு கிடையாது. லீவு போட்டேன். வயிற்றுவலி என்று சொன்னேன். சத்தம் அதிகமாகிவிட்டது தம்பி, என்ன செய்வது? சனி, ஞாயிறு ரெண்டு நாள் திருப்பூரில் பயிற்சி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புது மிஷின் ஏதோ கொடுக்கிறார்களாம், அதைப் பழக்குகிறார்களாம். விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இந்த வண்டியில்தான் போகவேண்டும். அதனால்தான் வெள்ளிக்கிழமையே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பாருங்க, என் அக்கறையை. ஆனால் உள்ளே இருக்கிற அந்தச் சின்னச் சின்ன உருளைகளுக்குப் பின்னால் மயிர் மாதிரி ஒரு ஸ்பிரிங் இருக்குமே, அதில் ஒன்று தெறித்துப் போய்விட்டது.

ரெண்டு நாள் தேடினோம். பயிற்சிக்குச் சுலோச்சனா மட்டும் போனாள். இவள் என்னோடு சேர்ந்து தேடினாள். விளக்குமாற்றை எடுத்துக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். அரிசி முறத்தில் மண்ணைப் போட்டுப் புடைத்தாள். கட்டிலுக்கு அடியில் நான் இந்தப் பக்கமாக நுழைய, அவள் அந்தப் பக்கமாக நுழைய, தலையும் தலையும் முட்டிக்கொண்டது. 'அய்யோ, வலிக்குதுங்களா?' என்று என் நெற்றியைத் தேய்த்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஒரு கட்டில்தான் தம்பி. ராத்திரி அவளுக்கு, பகலில் எனக்கு. காலையில் நான் வந்து படுக்கும்போது தலையணை ஒரு பக்கம் கொஞ்சம் சூடாக இருக்கும், அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைத் தேடி எத்தனை வருசம் ஆகிறது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்பிரிங் கிடைத்தது. என் சட்டைப் பையில் இருந்தது.

அங்கே எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. தெறிக்கிற பொருள் எங்கே வேண்டுமானாலும் போகும். உங்களுக்குத் தெரியும், நீங்கள் தொழில் செய்கிறவர். நாகமணி அந்த ஸ்பிரிங்கை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'சட்டைய நான் தொவைக்கப் போட்டிருந்தா?' என்று மட்டும் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அந்தத் தடவை கிரீஸை எல்லா இடத்துக்கும் வைத்தேன். உருளைகளுக்கும் வைத்தேன். மாட்டி ஓட்டினால் சத்தமே கிடையாது. சுத்தமாகக் கிடையாது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடுகிறது. எனக்குப் பெருமைதான். ஆனால் மறுநாள் படுத்திருக்கிறேன், மணி என்ன என்று தெரியவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து போனால் சமையல்கட்டில் நாகமணி நிற்கிறாள்.

'எப்ப வந்தே?'

'அரைமணி நேரமாச்சுங்க. தூங்கட்டும்னு விட்டுட்டேன்.'

அரைமணி நேரம் தம்பி. வீட்டுக்குள் ஒரு ஆள் அரைமணி நேரமாக இருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. மில்லில் இப்படித்தான். சத்தம் போடுகிற ஸ்பிண்டில் ஓடும். சத்தம் போடாத ஸ்பிண்டில்தான் ஒருநாள் திடீரென்று எரிந்து நிற்கும். சத்தமே போடாத மிஷினை ஆயிலர் நம்பக்கூடாது. அதற்காகத்தான் மூன்றாவது தடவை பிரித்தேன்.

ஆமாங்க. சத்தம் வந்ததற்காக ரெண்டு தடவை, வராததற்காக ஒரு தடவை. சரியாகத்தான் எழுதியிருக்கீங்க.

அது புதன்கிழமை. இந்த வாரம்தான். மறுநாள் வியாழக்கிழமை சூப்பர்வைசர் அம்மா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று நாலு ஊரையும் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை ஸ்பிரிங் எதுவும் தெறிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மாட்டிக் கொடுத்துவிட்டேன். இன்னும் ஒரு டப்பா கிரீஸ் வைத்தேன், அவ்வளவுதான். அவளும் வேலை முடிகிறவரைக்கும் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உதவிக்கு என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை வாய்க்கால் மேட்டில் வண்டி நின்றுபோச்சு. 'மோட்டரு ஓடற சத்தம் கேக்குதுங்க. வண்டி மட்டும் இழுக்கல. கல்லக் கட்டிட்டு மிதிக்கற மாதிரி இருந்துச்சு. எறங்கித் தள்ளிட்டே போனேன்' என்றாள். வாய்க்கால் கரையில் ஒரு மரம் கிடையாது. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிறாள், மிஷின் டப்பாவோடு. சூப்பர்வைசர் அம்மா பதினொரு மணி வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தவள் வண்டியைச் சுலோச்சனா வீட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். கால் ரெண்டும் புழுதி. திட்டியிருக்கலாம். என் மாமியார் இருந்திருந்தால் தெருவையே கூட்டி நிறுத்தியிருப்பார். இவள் காலைக் கழுவினாள், சூப்பர்வைசர் அம்மாவுக்குப் போன் போட்டாள், திங்கட்கிழமை என்று கெஞ்சி வாங்கினாள். அப்புறம் உங்கள் கம்பெனிக்குப் போட்டாள். எல்லாம் முடிந்தபிறகு நான் சொன்னேன்.

'வண்டிய எதுக்கு அங்க விட்டே? இங்க கொண்டா. நான் பாக்கறேன்.'

'அங்கயே இருக்கட்டும்ங்க.'

'அங்க யாரு இருக்கறாங்க, பிரிச்சுப் பாக்கறதுக்கு?'

'யாருமில்லீங்க. அதனாலதான்.'

சுலோச்சனா வீட்டில் வெளியிலேயே பிளக் பாயிண்ட் இருக்கிறது. சார்ஜ் போட வசதி. அதைத்தான் சொல்கிறாள். வேறொன்றுமில்லை. இனிமேல் எப்போதும் அங்கேயே நிறுத்திக்கொள்ளப் போகிறாளாம். காலையில் நடந்து போய் எடுத்துக்கொள்வாளாம், மத்தியானம் விட்டுவிட்டு நடந்து வருவாளாம். வசதிதான். நடந்து வந்தால் உடம்புக்கும் நல்லது.

என்ன சொல்றீங்க? உருளைகளுக்குக் கிரீஸ் ஆகாதா? மெல்லிசான எண்ணெய், அதுவும் ஒரு சொட்டா? அந்த உருளைகள் இறுக்கிப் பிடித்தால்தான் சக்கரத்துக்கு வேகம் போகும், கிரீஸில் மிதந்தால் வழுக்கிக்கொண்டு அங்கேயே சுற்றும். ஓ. வெள்ளைச் சக்கரத்துக்கும் பூசினால் போதுமா? பல்லில் மட்டும்? வெளியே வர வழியில்லாததால் வைத்த கிரீஸ் எல்லாம் உள்ளே போய் அந்த உருளைகளில் உட்கார்ந்துகொண்டதா?

சரிதான். வெளியே வரவேயில்லையே என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும். இறுக்கிப் பிடிக்கிற பிரேக் கட்டைக்கு யாராவது எண்ணெய் விடுவார்களா? எனக்குத் தெரியாதா அது? தெரியும். ஆனால் தம்பி, ஒன்று சொல்கிறேன். கெடுக்கவேண்டும் என்று நான் எதற்கும் கிரீஸ் வைத்தது கிடையாது. எழுதும்போது அதையும் ஒரு வரி எழுதுங்க. எழுத இடம் இல்லையா? சரி, விடுங்க.

மறுபடி எப்போது பிரிக்கிறதாக இருந்தேனா? நாளைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் இன்றைக்கு மாட்டிக் கொடுத்தாலும் ஒரு தடவை சுலோச்சனா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான். சாவியெல்லாம் பையில் எடுத்துவைத்துவிட்டேன். திங்கட்கிழமை அவ்வளவு தூரம் போகிறவள், பார்க்காமல் அனுப்ப முடியுமா?

ஏன் தம்பி அப்படிப் பார்க்கறீங்க?

நாளெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கீங்க போலிருக்கே. செவ்வாய்க்கு எதிரில் பல்லடம். வெள்ளிக்கு எதிரில் திருப்பூர். புதனுக்கு எதிரில்... அதெல்லாமா உங்கள் கம்பெனியில் எழுதச் சொல்கிறார்கள்? காட்டுங்க.

இல்லை, வேண்டாம். கண்ணாடி உள்ளே எங்கேயோ இருக்கிறது.

போன் அடிக்கிறது. எடுங்க. நாகமணிதானே? என்னிடம் கொடுக்கச் சொல்கிறாளா? கொடுங்க.

சொல்லு புள்ள... இல்ல, இப்பத்தான் வந்தாரு... ஒரு மணி நேரமாச்சா?... மோரு குடுத்தேன்... ம்... பேசிட்டிருந்தோம்... இல்ல, நான் வரல... வரலீன்னு சொன்னனில்ல... ம்... தெரியும், தூங்கோணும், இன்னிக்கும் ஷிப்ட் இருக்குது... என்னது?... எத்தன மணிக்கு?... ம்... சரி. சரி புள்ள. வெச்சிடறேன்.

இந்தாங்க.

திங்கட்கிழமை அந்தப் பக்கம் போனால் அவள் வர மூன்று மணி ஆகுமாம். 'வந்ததும் உங்கள எழுப்பறேன்' என்கிறாள். எழுப்புகிறாளாம். இந்த வீட்டில் பகலில் என்னை யாரும் எழுப்பக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். இருபத்திரண்டு வருசமாக எழுப்பினது கிடையாது. மகள் வயசுக்கு வந்த அன்றைக்குக்கூடச் சாயங்காலம் நானாக எழுந்தபிறகுதான் சொன்னார்கள். இப்போது எழுப்புகிறாளாம், இனி தினமும். வந்ததும் எழுப்பி, எந்தெந்த ஊருக்குப் போனேன், எப்படிப் போனேன் என்று சொல்லுவாளாம்.

வண்டி எப்படி ஓடினது என்று ஆயிலரிடம் சொல்லித்தானே ஆகவேண்டும். அதற்காகத்தான்.

நீங்கள் கிளம்புங்க தம்பி. நேரமாகிறது. கிரீஸ் முழுசையும் வழித்துத் துடைக்கவே உங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். நான் வைத்தது எவ்வளவு என்று எனக்குத்தானே தெரியும். மண்ணெண்ணெயில் கழுவாதீங்க, நைலானுக்கு ஆகுமோ ஆகாதோ. உங்களுக்குத் தெரியும். நான் வரவில்லை. மெயின் ரோட்டைச் சுற்றிப் போகவேண்டாம். இதோ இந்தத் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு சந்து போகிறதே, அதில் போனால் பச்சைக் கேட் போட்ட வீடு, அதுதான் சுலோச்சனா வீடு. ரெண்டு நிமிசம்கூட ஆகாது. ஆமாம், முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

டம்ளரை அங்கேயே வைங்க, நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் வரும்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டேன். அவள் கோட்டு வாளியில் அடியில் கிடக்கிறது. இப்போது நன்றாக உதறிப் போட்டால்தான் மடிப்பு விழாமல் காயும், திங்கட்கிழமைக்கு ஆகும். போங்க தம்பி, நான் இதைப் பார்க்கிறேன்.